இரண்டு பாஷையும் தெரிந்தவர் தேவை

என் தம்பி கௌசிக்கின் கையை உடைப்பதென்று நான் முடிவு செய்தபோது அவன் புதுச்சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் பூபதிராஜா மாமா, அம்மாவின் கூடப்பிறந்தவர், காரைத் திருப்பி நிறுத்தியிருந்தார். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போய் அங்கிருந்து பாங்காக். கம்ப்யூட்டர் வேலை என்றார் மாமா.

மலையாளப் பக்கத்து எல்லை ஊரான எருத்தேன்பதியில் எங்கள் வீட்டில் டிகிரி முடித்தது நானும் அவனும்தான். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் சயின்ஸ். கேம்பஸில் என்னை எடுத்த கம்பெனி, சேரும் தேதியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அந்த வேலையை ஏஐ பார்த்துக்கொள்கிறது என்று மெயில் போட்டது. இப்போது ஜெராக்ஸ் கடையில் ஊரார் ஃபோட்டோவை வெட்டிக்கொண்டிருக்கிறேன். கௌசிக் படித்த வருஷம் கம்பெனிகள் வரவே இல்லை.

மாமா அவனுக்கு ஏற்பாடு செய்த இன்டர்வியூவில் ஒரு வரி புரோகிராம்கூடக் கேட்கவில்லை. போனில் ஒருவன் மலையாளத்தில் பேசச் சொன்னான். பிறகு தமிழில். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது.

"அங்க போனா மலையாளத்தான்னானுக, இங்க வந்தா பாண்டின்னானுக. இப்பப் பாரு, நம்ம ரெண்டு பாஷைக்குத்தான் மருவாதி" என்று அம்மா தோட்டம் தோட்டமாகச் சொல்லிவிட்டு வந்தாள். எல்லையில் பிறந்தவர்களின் அந்தப் பெருமையில் எங்கள் கண் அவிந்துபோனது. என்னுடையதும்தான்.

புறப்பாட்டுக்கு முந்தின நாள் மதியம் நௌஃபல் போனில் கூப்பிட்டான். என்னோடு படித்தவன். அதே வேலைக்கு மாமா முதலில் அனுப்பிவைத்த ஆள்.

"வனி, கௌசிக்கெ உட்ராதெ. ஊர்ல இருக்கற வயசானவங்களெப் போன்ல போலீஸ்னு சொல்லி மெரட்டிக் காசு புடுங்கோணும். மலையாளத்தாளுக்கு மலையாளம், தமிழாளுக்குத் தமிழ். ஆள் சிக்காத அன்னைக்குக் கரண்டு வெக்கறானுக."

போனுக்குள் கதவு உடைபடும் சத்தம். பிறகு அடி. சதைமேல் விழுகிற அடி. நௌஃபல் கத்தியது தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை. போன் அணைந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். விசா வைத்துக்கொண்டு தானாகப் போகிறவனை எப்படித் தடுப்பது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

"நௌஃபல் நேத்துக்கூட நீச்சக்கொளத்துல நின்னு ஸ்டேட்டஸ் போட்டிருக்கான்" என்றான் கௌசிக், பொத்தானைப் போட்டபடியே.

"போட வெச்சிருப்பானுக."

"உனக்கு வயித்தெரிச்சல்க்கா. ஒத்துக்கோ."

அறைந்தேன். அவன் தள்ளியதில் கதவு நிலையில் மோதி என் புருவம் பிளந்தது. அம்மா ஓடிவந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். "பொறப்படற புள்ளைகிட்ட ரத்தத்தெக் காட்டறயேடி, பொட்டக்கழுதை."

களத்துக்குப் போனேன். அப்பா தேங்காய் உரிக்கும் பாரை மண்ணில் நட்டபடி நின்றது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். திரும்பி வந்தபோது கௌசிக் வாசற்படியில் உட்கார்ந்து, வலது கையைக் கல்லில் ஊன்றி, இடது கையால் ஷூவை இழுத்துக்கொண்டிருந்தான். பாரையின் மொட்டைப் பக்கத்தை அந்த மணிக்கட்டில் இறக்கினேன். ஈரமட்டை கிழிவதுபோல ஒரு சத்தம். எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது.

மாமா ஓடிவந்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெரலு அசையுதா? ஆட்டு, பாக்கலாம்."

கௌசிக் ஊளையிட்டான்.

"ஒரு மாசம் தள்ளிக் கேளு பூபதி" என்றாள் அம்மா, அவன் தலையை மடியில் வைத்தபடி.

"தள்ளறதா? இன்னைக்கு ஒரு ஆளெ ஏத்தி உடாட்டி என்னெக் கொன்னுபோடுவானுகக்கா." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று அவருக்கே உறைத்தது. என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, உனக்கும் ரெண்டு பாஷையும் வருமல்லோ. பாஸ்போர்ட்டும் இருக்குது. வா, வேற டிக்கெட் போட்டுக்கலாம்."

கௌசிக்கின் ஊளை நின்றது.

"மாமா, நௌஃபலுக்கு இப்பப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

மாமா போனைத் தொடவில்லை. என் கையைப் பிடித்து முறுக்கிக் காரை நோக்கி இழுத்தார். நான் அவர் விரலைக் கடித்தேன். வாயில் என் ரத்தமா அவர் ரத்தமா தெரியவில்லை. கார்க் கதவில் என் தலையை மோதினார்.

இரண்டாவது மோதலுக்கு முன் அவர் கால் மடங்கியது. பின்னால் கௌசிக், உடைந்த கையை நெஞ்சோடு அணைத்து, இடது கையில் பாரையோடு நின்றான். மறுபடி அடித்தான். முழங்கால் சில்லு நகர்ந்ததை நான் பார்த்தேன்.

அம்மா எழுந்து போய் வாசல் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். தன் தம்பியின் எதிரில் வந்து குந்தினாள்.

"அந்தப் பாய் ஊட்டுப் புள்ளெ எங்கிருக்கறான், சொல்லு பூபதி."

மாமா கேட்டின் கொண்டியைப் பார்த்தார்.

கௌசிக் பாரையை என்னிடம் நீட்டினான். அவனுக்கு இடது கை பழக்கமில்லை.