வால் தெரியாத படம்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸப் படத்திலிருந்து வந்தது. முழுவதும் கற்பனை என்று சொல்லித் தொடங்கத்தான் ஆசை. ஆனால் படம் இருக்கிறது. அதில் புல்லின்மேல் ஒரு மண்ணிற மிருகம் பக்கவாட்டில் கிடக்கிறது. அதன் பின்பாதியில் நீலக் கட்டம் போட்ட சந்தைப் பை ஒன்று விழுந்திருக்கிறது. பை வாலை மூடிவிட்டது. வால் தெரிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். படத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போயிருப்பேன்.

[முதல் தொடக்கம்: பனி படர்ந்த லீ ஆற்றங்கரையில், விடியலின் முதல் கதிர்—] விட்டுவிட்டேன். அந்த விடியலை நான் பார்க்கவில்லை. நித்திரையில் இருந்தேன்.

[இரண்டாம் தொடக்கம்: மனிதன் எதைத்தான் தின்னாமல் விட்டான்? ஆதிகாலம் தொட்டே—] இது பேச்சுப்போட்டி.

[மூன்றாம் தொடக்கம்: என் மாமா ஒரு குற்றம் செய்தார்.] இதை இன்னும் வெட்டவில்லை. வெட்டலாமா என்று பார்ப்பதற்குத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

2

மாமாவுக்குக் கிருஷ்ணராசா என்று பெயர் வைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. அம்மாவின் தம்பி. பிரான்சில் பத்தொன்பது வருசம் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். இப்போது வான் ஓட்டி மரக்கறிப் பெட்டிகள் இறக்குகிறார். செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருக்கிறார். மனைவி சுசிலா மாமியும் மகள் கோசிகாவும் இன்னும் பிரான்சில். அவர்களைக் கூப்பிட மாமா விண்ணப்பம் போட்டிருக்கிறார். ஏழு மாதமாகப் பதில் இல்லை. படிவத்தில் பொலிஸ், வழக்கு, விசாரணை என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள் உண்டு. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று நான்தான் புள்ளடி போட்டுக் கொடுத்தேன். ஏதாவது மாறினால் உடனே அறிவிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

இந்தக் கதையில் கைவிட்டுப் போகக்கூடியது அது ஒன்றுதான். மாமியும் கோசிகாவும் வருவது.

(அப்பா இந்தக் கதையில் இல்லை. வீட்டில் இருக்கிறார், ஆனால் ஷிப்ட்.)

மாமாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவரைச் சிரிப்பு மனிதராக எழுதுவது சுலபம். செத்த மிருகத்தோடு படம் பிடித்து, "லண்டனிலயும் றகொந்தான்!" என்று எழுதி, பிரான்சில் கூட வேலை செய்த எண்பத்துநாலு பேர் இருக்கிற குழுவில் போட்டவர். அவர் இருந்த ஊர் சதுப்பு நிலம். அங்கே வாய்க்கால் கரைகளைத் தோண்டிக் கெடுக்கிற றகொந்தான் என்ற பெரிய நீரெலியைக் கமக்காரர்கள் கூடு வைத்துப் பிடிப்பார்கள். முதலாளியின் கூட்டாளி ஒருவர் கடைப் பின்கதவால் கொண்டுவந்து தருவார். வெள்ளைக்காரர் அதை அரைத்து டின்னில் அடைத்தார்கள். எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டார்கள். ஒருவரும் ஒளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் அதுதான் கறி.

ஆகவே சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் அவர் பார்த்தது தனக்குத் தெரிந்த ஒன்றை. தெரிந்த ஒன்றைக் கண்ட சந்தோசம் அந்தப் படத்தில் இருக்கிறது. மூலையில் அவருடைய பெருவிரலும் விழுந்திருக்கிறது.

3

ஆற்றோரம் வாழும் கொறிவிலங்குகளான பீவரையும் நியூட்ரியாவையும்* பிரித்தறிவது எப்படி என்று என் கொப்பியில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சிக்ஸ்த் ஃபோர்ம் படிப்பிலிருந்து மூன்றாம் மாதமே நின்றுவிட்டதால் இதை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. பிழை இருந்தால் என்னுடையது.

பல்லைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. இரண்டுக்கும் முன்பல் செம்மஞ்சள். மீசை உதவும்: நியூட்ரியாவுக்கு வெள்ளை, பீவருக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. பின்கால் உதவும்: பீவருக்கு ஐந்து விரலும் தோலால் சேர்ந்திருக்கும், நியூட்ரியாவுக்கு ஒரு விரல் தனியே நிற்கும். பாரமும் ஓரளவு உதவும். வளர்ந்த பீவர் இருபது கிலோவுக்கு வரும். நியூட்ரியா பெரும்பாலும் அதில் பாதி கூட வராது. இவ்வளவும் தேவையே இல்லை, வாலைப் பார்த்தால். பீவரின் வால் தோசைத் தட்டகப்பை மாதிரித் தட்டை. நியூட்ரியாவின் வால் எலிவால்.

இனி படம். அன்று உறைபனி. மீசையில் பனி பிடித்திருக்கிறது, எந்த மிருகமானாலும் வெள்ளையாகத்தான் தெரியும். பின்கால்கள் பைக்கு அடியில். பாரம் கேட்டேன். "பத்துக் கிலோ வரும்" என்றார் மாமா. பத்துக் கிலோ என்றால் மிகப் பெரிய நியூட்ரியா, அல்லது சின்னப் பீவர்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் நியூட்ரியா இப்போது இல்லை. நான் பிறக்க முன்னமே ஆள் வைத்துப் பொறி வைத்து, ஒன்றும் மிச்சமில்லாமல் பிடித்து முடித்துவிட்டார்கள். பீவரோ நானூறு வருசத்துக்கு முன்பு இந்த நாட்டுக்காரரே பிடித்துத் தீர்த்தது. இப்போது அதைத் திரும்பக் கொண்டுவந்து, லண்டனிலேயே வேலி போட்டு வளர்க்கிறார்கள். கொன்றால் குற்றம். வைத்திருந்தாலும் கேள்வி.

ஒன்றை அழித்ததற்குச் சம்பளம், மற்றதைத் தொட்டால் வழக்கு. இரண்டையும் என் அம்மா "பெருச்சாளி" என்றுதான் சொல்லுவா.

* மாமா சொல்லும் றகொந்தானும் இதுதான்.

4

மாமா அதைக் கண்டது வியாழக்கிழமை காலை, ஆற்றுக்குப் பக்கத்து வீதியோரம். யாரோ ஒருவருடைய கார் தலையில் தட்டியிருக்கிறது. உடம்பு இன்னும் விறைக்கவில்லை. வானை நிறுத்தினார், அந்தப் படத்தை எடுத்தார், பையில் போட்டார். எங்கள் கராஜில் வைத்து உரித்தார். தலை, கால், வால் எல்லாவற்றையும் அன்று வந்த குப்பை லொறி கொண்டுபோனது. இறைச்சி ஃபிரீசருக்குப் போனது.

ஏனென்றால் அடுத்த நாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. சனிக்கிழமை அம்மாவுக்குச் சனி விரதம். ஆக, கறி ஞாயிறு.

இந்த இடத்தில்தான் நான் கதைக்குள் வருகிறேன், வர விருப்பமில்லாமல். வெள்ளிக்கிழமை மாமா எனக்குப் படத்தைக் காட்டினார். வெள்ளி இரவுக்குள் மேலே உள்ள பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். அதாவது ஞாயிறு மத்தியானம் வரை ஒன்றரை நாள் இருந்தது. விரதம் வாங்கித் தந்த ஒன்றரை நாள். அதில் நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்: "மாமா, அது வேற ஏதோ." நாலு சொல். எழுதிப் பார்த்தேன். வாயால் சொல்லவில்லை.

காரணம் சொல்ல வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமையை எழுத வேண்டும்.

மாமா குசினி யன்னலில் போனைச் சாத்தி வைத்திருந்தார். திரையில் சுசிலா மாமி. அவவுக்குப் பின்னால் கோசிகா சோபாவில் கிடந்து ஏதோ கொறித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, வினாகிரியில ஊற விட்டனீங்களோ?"

"விட்டனான்."

"எவ்வளவு நேரம்?"

"விடிய இருந்து."

"பொய். உங்கட முகத்தில தெரியுது. கொழுப்பை வழிச்செடுத்தனீங்களோ? இல்லாட்டிச் சேத்து மணம் வரும்."

"சுசிலா, நீர் அங்க இருந்துகொண்டு எனக்குக் கறி காய்ச்சப் படிப்பிக்காதையும்."

"அப்பா, சட்டியைக் காட்டுங்கோ" என்றாள் கோசிகா. மாமா போனைத் தூக்கிச் சட்டிக்கு மேலே பிடித்தார். ஆவியில் கண்ணாடி மங்கிவிட்டது. அங்கிருந்து மூன்று தடவை "தெரியேல்லை, தெரியேல்லை" என்று சத்தம் வந்தது. மாமா தன் சேட்டால் போனைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார்.

அம்மா உள்ளே வந்தா. "தம்பி, இது என்ன இறைச்சி?"

"முயல் மாதிரி, அக்கா."

"முயலோ, முயல் மாதிரியோ?"

"சாப்பிட்டுப் பாருங்கோவன்."

அம்மா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டா. நான் மூன்று துண்டு. வாசகருக்குச் சுவை தெரிய வேண்டும் என்பது நியாயம்: ஆட்டுக்கும் முயலுக்கும் நடுவே, எலும்புக்குக் கிட்டக் கொஞ்சம் இனிப்பு, விழுங்கிய பிறகு ஈரமரத்தின் வாசம். நன்றாக இருந்தது. அது என்னவென்று ஓரளவு தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டேன். இதை எழுதாமல் விட்டால் மற்றது எல்லாம் மாமாமேல் மட்டும் விழும்.

5

கோப்பைகள் கழுவ முன்னம் கஸ்பர் அண்ணையின் குரல் தகவல் வந்தது. அவரும் பிரான்சில் மாமாவோடு கோப்பை கழுவியவர், இப்போது வால்தம்ஸ்டோவில் இருக்கிறார்.

"அண்ணை, பகிடி இல்லை. றகொந்தான் இந்த நாட்டிலயே இல்லையாம். இஞ்ச ஆத்தங்கரை வழிய பேப்பர் ஒட்டியிருக்கினம். பீவர் ஒண்டைக் காணேல்லையாம். ஒவ்வொரு நாளும் விடிய ஆக்கள் போய் அப்பிள் வெட்டிப் போட்டுத் தேடுகினம். செத்துக் கிடந்தாலும் சொல்லட்டாம், நம்பரும் போட்டிருக்கு. உங்கட படத்தை அழியுங்கோ."

மாமா படத்தை அழித்தார். எண்பத்துநாலு பேரில் எத்தனை பேர் அதைத் தங்கள் போனில் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கே ஒரு பிரதி உண்டு.

"அப்ப நான் என்னத்தையடா சாப்பிட்டனான்?" என்றா அம்மா.

"றகொந்தான், அக்கா."

"இந்த நாட்டில அது இல்லையாமே, இப்ப கஸ்பர் சொல்லுறான்."

"அக்கா, பத்தொன்பது வருசம் உரிச்சனான். எனக்குத் தெரியாதோ?"

"இரவல் வீட்டில இருந்துகொண்டு பெருச்சாளி காய்ச்சிப் போட்டிட்டு, கதையைப் பார்."

நான் மெல்ல, "றோட்டில செத்துக் கிடந்தது எண்டு அந்த நம்பருக்குச் சொல்லலாம்தானே" என்றேன். அந்த மாதத்தில் மேசையில் நான் சொன்ன மிக நீண்ட வசனம் அது.

"என்னெண்டு சொல்லுறது பிள்ளை? நான் கொல்லேல்லை எண்டு நானாப் போய்ச் சொன்னா, அவன் முதல் கேக்கிறது, அப்ப ஏன் வந்தனி எண்டு. பிறகு கேப்பான், மிச்சம் எங்க எண்டு."

மிச்சம் இருந்தது எலும்பு மட்டும். அதுவும் அடுத்த வியாழன் லொறியில் போனது.

6

முடிவுகள்.

(அ) வால் எலிவால். முப்பது வருசத்துக்கு மேலாக யாரும் காணாத மிருகம் ஒன்று மாமா போகிற வழியில் வந்து செத்திருக்கிறது. மாமா குற்றமற்றவர். மாமி ஈஸ்ற்றருக்கு வருகிறா. [ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் கோசிகா ஓடி வந்து—] நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

(ஆ) வால் தட்டை. மாமா அந்த நம்பருக்கு அடித்துச் சொல்கிறார். அவர்கள் நல்லவர்கள், நன்றி சொல்கிறார்கள், பெயரை எழுதிக்கொள்கிறார்கள். பெயர் இன்னொரு இடத்துக்குப் போகிறது. அல்லது போகவில்லை. [குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் ஒரு மேசையில் ஒரு அதிகாரி—] அந்த அதிகாரிக்கு முகம் வைக்க எனக்கு வரவில்லை. எப்படி வைத்தாலும் கெட்டவராகிறார். கெட்டவராக இருக்க அவசியமில்லை, படிவத்தில் உள்ளதைத்தான் கேட்பார்.

(இ) ஒன்றும் நடக்கவில்லை. ஆட்கள் ஒவ்வொரு நாளும் விடிய அப்பிள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஏனென்றால் இது நடந்துகொண்டிருக்கிறது.

7

திங்கட்கிழமை பின்னேரம் நான் கராஜில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன். மாமா வந்து வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார். கொப்பியை மூட நேரமிருக்கவில்லை.

"இறைச்சி வெட்ட, கீழ விரிக்கப் பேப்பர் தேடினனான். இஞ்ச இருந்த தட்டுமுட்டுப் பெட்டிக்குள்ள உன்ர கொப்பியள் கிடந்தது. பயப்பிடாத. விரிக்கேல்லை."

"வாசிச்சனீங்களோ?"

"ரெண்டு பக்கம். உன்ர எழுத்து கோழி கிளறின மாதிரி. அம்மாட்டச் சொல்லேல்லை."

மாமா கொப்பியின் மூலையை விரலால் தட்டினார்.

"இதையும் எழுதுறியோ?"

"ஓம்."

"அதில எனக்கு என்ன நடக்குது?"

"இன்னும் வரேல்லை."

"மாமி வாறாவோ?"

"தெரியாது மாமா. வால் தெரிஞ்சால்தான் மிச்சம் எழுதலாம்."

மாமா தன் கையைப் பார்த்தார். பிறகு, "வாலை நான் பாத்தனான்" என்றார். "நான் உரிச்சனான். நான் பாக்காமல் வேற ஆர் பாக்கிறது?"

"எப்பிடி இருந்தது?"

சொன்னார். கையாலும் காட்டினார். எப்போது தனக்குத் தெரியவந்தது என்றும், பிறகு ஏன் சட்டியை வைத்தார் என்றும் சொன்னார், அல்லது அப்படிச் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. பிறகு எழும்பி, "நல்லதா எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எழுதினேன். ஒரு வரிதான்.

[■■■■ ■■■■■■■ ■■■ ■■■■■■]

பேனையால் மூன்று தரம் அடித்து, தாளின் பின்பக்கத்தையும் அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம். எனக்கு வால் தெரியும், பீவர், நியூட்ரியா என்று ஒரு முழுப் பக்கம் எழுதியவளுக்கு அதை எழுத ஆசையும் உண்டு. ஆனால் எழுதிவிட்டால் இது கதையாக இருக்காது. வாக்குமூலமாகிவிடும்.

ஆற்றங்கரையில் ஒட்டியிருந்த அந்த நம்பரைப் போய்ப் பார்த்து எழுதி வந்தேன். நான் போனில் பேசுகிறவள் இல்லை. இரண்டு தரம் அடித்து, மணி கேட்டவுடன் வைத்துவிட்டேன். மூன்றாம் தரம் ஒரு பெண் எடுத்தா. மூச்சிரைத்தது, ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்திருப்பா. "தேடுவதை விடுங்கள், செத்துவிட்டது" என்றேன். "பீவரா? நிச்சயமாகத் தெரியுமா? வால் எப்படி இருந்தது?" என்று கேட்டா. நல்ல குரல்.

இதற்குமேல் உங்களிடம் விடுகிறேன். அவ இன்னும் லைனில் இருக்கிறா. மாமியைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. நீங்கள் என்னைவிட நன்றாகப் பேசுகிறவராக இருக்கலாம். சொல்லுங்கள்.