குழாய்மூக்கு

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்பவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை அந்த அக்காவுக்கு இருந்த கோபத்தில் ஒரு பேனா மட்டும் உடைந்தது என்றால் அது மருத்துவமனையின் நல்ல நேரம்.

பின்னே என்ன? முந்தின நாள் சாயங்காலம், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர் காத்திருந்த கூடத்தில் டாக்டர் அவளைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். கூடத்து மூலையில் ஒரு உப்புநீர் மீன்தொட்டி. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று சுத்தமாக வைத்திருக்க அதில் பத்து நத்தைகள் இருந்தன. மூன்று வாரத்தில் ஆறு போய்விட்டன. சதை துளிகூட மிச்சமில்லை, கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வெறும் ஓடு.

"உப்பைக் கண்ணளவுல அள்ளிப் போட்டா இப்படித்தான் ஆகும்! ஒரு தொட்டியைப் பார்த்துக்கத் துப்பில்லை. திங்கட்கிழமையிலருந்து வேற ஆள் வருவாரு, நீங்க தொட்டிப் பக்கமே போகாதீங்க."

நாலு வருடமாக அந்தத் தொட்டியைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து, உப்பளக்கும் கருவியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, அரைக் கரண்டி கூடக் கூட்டாமல் குறைக்காமல் போட்டவள். அவளைப் பார்த்துத் துப்பில்லை என்பதா!

"உப்பு தப்புன்னா முதல்ல இறால்தான் சார் சாகும். அது ஜம்முனு சுத்திக்கிட்டிருக்கு. நீங்க கொண்டுவந்த கல்லோட வந்துச்சே ஒரு நத்தை, அதைப் பாருங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அது சாதுங்க. நாப்பது பேர் சொல்லியாச்சு."

அந்த நாற்பது பேர் கதையைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து டாக்டர் ஆசையாகக் கொண்டுவந்த கல்லில் ஒட்டிக்கொண்டு வந்தது அது. கட்டைவிரல் அளவு, ஓடு முழுக்க இளஞ்சிவப்புப் படிவு. என்ன வகை என்று தெரியவில்லை. டாக்டர் அதை இடுக்கியால் எடுத்து, பல்லுக்கு வைக்கும் பஞ்சின் மேல் வைத்துப் படம் பிடித்து, மீன் வளர்ப்பவர்கள் குழுவில் போட்டார். தண்ணீரை விட்டு எடுத்தால் எந்த நத்தைதான் தலையை வெளியே நீட்டும்? அது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. முக்காடு போட்டவனைப் படம் பிடித்து, இவன் நல்லவனா என்று ஊரைக் கேட்ட கதைதான். ஊரும் நல்லவன் என்றது.

அக்கா அதைத் தண்ணீருக்குள் பார்த்திருக்கிறாள். முன்பக்கம் மூக்குமாதிரி ஒரு குழாயைத் தூக்கி, இங்கும் அங்கும் ஆட்டி மோப்பம் பிடிக்கும். பாசி தின்கிற நாலும் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

பேனாவின் துண்டுகளைக் குப்பையில் போட்டாள். பல்செட் ஊறவைக்கும் புதுக் கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, குழாய்மூக்கை உள்ளே விட்டாள். மிச்சமிருந்த நாலில் ஒன்றை எடுக்கும்போது கை தயங்கியது. "மன்னிச்சுக்கோடி" என்று சொல்லித்தான் அதையும் விட்டாள். இடுக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

முதலில் வந்தவர் நேற்றைய எட்டுப் பேரில் ஒருவர், கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவர். மரத்துப்போக ஊசி போட்டு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அவரும் மனைவியும் ஜாடியையே பார்த்தார்கள். பதினோரு மணிக்குக் குழாய் மேலே எழுந்தது. நத்தை நேராகச் சின்னதை நோக்கி நகர்ந்து, மேலே ஏறி, பாதத்தால் சுற்றிக்கொண்டது.

"ஐயையோ, கட்டிப்பிடிக்குதே!" என்றாள் மனைவி.

"பாசம் இல்லீங்க, பசி. சார்! உடனே வாங்க!"

டாக்டர் மாஸ்க்கும் கையுறையுமாக வந்தார், குனிந்து பார்த்தார். அவர் நன்றாகப் பார்த்து முடித்ததும் அக்கா இடுக்கியால் இரண்டையும் பிரித்தாள். சின்னது சட்டென்று மூடியை இழுத்துக்கொண்டது. உயிர் இருந்தது. அப்பாடா என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. சரி விடுங்க. அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடுறேன். நீங்களே பார்த்துக்குங்க."

"விடுறதா? துப்பில்லைன்னு வெளிய வெச்சுச் சொன்னீங்க. சரி விடுங்கன்னு உள்ள வெச்சுச் சொல்றீங்க. நல்லா இருக்கே நியாயம்! வெளிய வந்து சொல்லுங்க சார்."

"பேஷன்ட் முன்னாடியா?"

"நேத்து மட்டும் யார் முன்னாடி?"

டாக்டர் வெளியே வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு மாஸ்க்குக்குள்ளேயே ஏதோ முனகினார்.

"மாஸ்க்கைக் கழட்டிட்டுச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

ஒரு காதிலிருந்து கழற்றினார், பிறகு மற்றதிலிருந்து. "இவங்க உப்பு சரியாத்தான் போட்டிருக்காங்க. தப்பு என்னோடது. நான் கொண்டுவந்த கல்லு."

கடைவாய்ப்பல்காரர் மரத்த வாயோடு பலமாகத் தலையாட்டினார். டாக்டர் திரும்பி நடந்தார்.

"சார்" என்று அக்கா மறுபடி கூப்பிட்டாள். முன்பதிவு நோட்டு அவள் முன்னால் திறந்திருந்தது. "நேத்து இருந்தவங்கள்ல மீதி ஏழு பேருக்கும் வியாழக்கிழமை நேரம் கொடுக்கிறேன். அன்னைக்கும் இப்படியே வந்து சொல்லிடுங்க."