கந்தசஷ்டியில் மீன் விசாரணை

தெமோதரைக்கு ரயில் வந்த புதிது. மீன்பிடித் தொழிலுக்கென்று அரசாங்கம் ஒதுக்கும் பணத்தில், மலைநாட்டுக்குப் பச்சை மீன் கொண்டுவர ரயிலில் ஓர் ஐஸ் பெட்டி பூட்டலாமா என்று விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு துரை பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். மொழிபெயர்க்க என்னை வைத்தார்கள். நான் கடலைப் பார்த்ததே இல்லை. மீனைத் தட்டில் பார்த்ததோடு சரி.

அவர் வந்தது கந்தசஷ்டி விரதத்தின் நடுவில். தோட்டத்து ஆட்கள் நெற்றி நிறையத் திருநீறோடு நின்றார்கள்.

"மீன் வந்தால் வாங்குவீர்களா?" என்று துரை கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

"சிவ சிவா! வாயிலயே வைக்க மாட்டோமுங்க" என்றார் செல்லமுத்துக் கங்காணி. எல்லோரும் தலையாட்டினார்கள். கருவாட்டுக் குழம்பு என்றால் சட்டியையே வழித்துத் தின்கிற மனுஷன் அவர்!

'தேவையில்லை' என்று எழுதப் போனார் துரை. நான் விரதத்தை விளக்கினேன். என் இங்கிலீஷில் முருகனும் சூரனும் கலந்துபோய், துரை மிரண்டதுதான் மிச்சம்.

கைக்குழந்தையோடு அங்காயி முன்னே வந்தாள். "பால் குடுக்கிறவளுக்கு விரதம் இல்லீங்க தொரை. எனக்குப் பால் வத்திப்போச்சு. பால்சுறா தின்னா ஊறும்ங்கிறாங்க. இங்க வர்றதுக்குள்ள மீனு நாறிப்போகுது."

"ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா!" என்று கங்காணி அதட்டினார்.

"நல்ல நாளுன்னு புள்ளைக்குத் தெரியுமா மாமா? பசிக்குதே."

அதை மட்டும் நான் பிசகாமல் மொழிபெயர்த்தேன். துரை எழுதத் தொடங்கினார்.

கங்காணி தொண்டையைச் செருமினார். "அவ சொல்றது நெசந்தாங்க. பெட்டி வரட்டும். மொதல் சுறா அவளுக்கு."