நேற்றின் வாடகை

1992-ஆம் வருடம் கோயம்புத்தூரில் ஒரு நேற்றின் விலை நானூறு ரூபாய், பெட்ரோல் தனி. போன தீபாவளி வேண்டுமென்றால் ஆயிரத்து இருநூறு. அப்பன் உயிலில் கையெழுத்துப் போட்ட நாள், அண்ணன் தம்பி பாகம் பிரித்த நாள் இவற்றுக்கெல்லாம் ஒரே விலை, பேரம் கிடையாது. சரக்கு இருந்தது உக்கடத்தில், பஷீர் பாயின் ஷெட்டில் நின்ற 1949-ஆம் வருடத்து மோரிஸ் காரின் கியர்பாக்ஸுக்குள். விற்றவர் பொங்கியண்ணன். வியாபாரம் நடப்பது தெரியாத ஒரே ஆள் பஷீர் பாய்.

பஷீர் பாய் பழைய கார்களின் கியர்பாக்ஸை மட்டும் பிரித்துக் கட்டுகிறவர். என்ஜினைப் பற்றிக் கேட்டால் அடுத்த ஷெட்டைக் கை காட்டுவார். பொங்கியண்ணன் பெருந்துறைக்காரர், மாட்டுத் தரகிலிருந்து கார் தரகுக்கு வந்தவர். மில் முதலாளிகளின் கொட்டகைகளிலும் வால்பாறை பங்களாக்களிலும் கோழி அடைந்து கிடந்த வண்டிகளை அவர் வாங்கி வருவார், பாய் கட்டுவார், பம்பாய்க்காரனுக்கும் பெங்களூர்க்காரனுக்கும் விற்று ஆளுக்குப் பாதி. மாட்டை விட்ட பொங்கியண்ணன் துண்டை மட்டும் விடவில்லை. சந்தையில் செய்வதுபோலவே, வந்தவரின் கையைத் துண்டுக்குள் வாங்கி விரல் பிடித்துத்தான் விலை பேசுவார். வாய் ஊர் நிலவரம் பேசும், விரல் ரூபாய் பேசும். துண்டுக்குள் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பது மரியாதை அல்ல. பத்து வருடக் கூட்டில் பாய் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அந்த மோரிஸுக்கு ரிவர்ஸ் பினியன், அதாவது வண்டியைப் பின்னால் செலுத்தும் சின்னப் பல்சக்கரம், எங்கேயும் கிடைக்கவில்லை. சோமனூரில் காயலான் கடைக்குப் போன ஒரு தறியின் தண்டை எடைக்கு வாங்கி, கணபதியில் லேத் வைத்திருந்த ஜெரோமிடம் பல் வெட்டிப் பொருத்தினார் பாய். பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ரிவர்ஸ் போட்டுப் பார்த்தபோது கார் இருந்த இடத்தில் இருந்தது. நாள் பின்னால் போனது. கண்ணாடிக்கு வெளியே வெயில் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தது. முந்தின நாள் குடித்த டீ டம்ளரில் நிரம்பிக்கொண்டு வந்தது. கிளட்சை மிதித்தால் நேற்று அந்த இடத்திலிருந்து ஒழுங்காக நடந்தது. பார்க்கலாம், கேட்கலாம், கதவு மட்டும் திறக்காது. முதல் கியர் போட்டால் இன்றைக்கு வந்துவிடலாம். தள்ளிப் போகப் போகப் பல்லுக்குப் பாரம் ஏறியது. நேற்று என்பது வெறும் வண்டி, இரண்டு வருடம் என்பது லோடு லாரி.

பாய்க்கு வேண்டியிருந்தது அந்த லோடு லாரிதான். அவர் மனைவி ரிஃபத் 1990 ஆடியில் ஒரு சாயங்காலம் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். அன்று காலை சமையலறை ஜன்னலில் நின்று ஏதோ கேட்டார். பாய் கிரைண்டரில் ஒரு கியரைத் தீட்டிக்கொண்டிருந்தார், சத்தத்தில் காதில் விழவில்லை. ‘சரி, சரி’ என்று மட்டும் சொன்னார். எதற்குச் சரி சொன்னோம் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஷெட்டுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவே ஒரு சாக்கடைதான்.

ஆனாலும் அன்றே போகவில்லை. புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸை மூவாயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பதப்படுத்தாமல் அவர் யார் வண்டியிலும் பாரம் ஏற்றியதில்லை. செத்துப்போன மனைவிக்காகவும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை. விஷயத்தைப் பொங்கியண்ணனிடம் மட்டும் சொன்னார். பொங்கியண்ணன் கண் கலங்கினார். “ஓடட்டுமுங் பாய். வாங்கறேன்னு வர்றவங்க ட்ரையல் பாக்கறாப்ல நாலு எடத்துக்கு எடுத்துட்டுப் போனா தானா கிலோமீட்டர் ஏறிப்போகுமுங்க” என்றார்.

அதற்கப்புறம் மோரிஸைப் பார்க்க வந்தவர்கள் அநேகம். காந்திபுரத்து ஜவுளிக்கடை ரங்கராஜ் வந்தார். துண்டுக்குள் கை போனது. மழை, நூல் விலை எல்லாம் பேசினார்கள். சாவியை எடுத்துக் கொடுத்ததே பாய்தான். மறுநாள் ரங்கராஜ் தன் கடைச் சிப்பந்தி ஒருவனை, எந்தச் சேலையை எந்தப் பைக்குள் வைத்தான் என்பது வரை சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார். சோமனூர்த் தறி முதலாளிகள் கூலிப் பேச்சில் எதிர்த்தரப்பு தனியே பேசியதை வார்த்தை மாறாமல் ஒப்பித்தார்கள். திருமலைசாமி என்ற பங்காளி தன் அப்பனின் கடைசி மூச்சை மூன்று தடவை போய்ப் பார்த்து, உயிலில் கைநாட்டு அதற்குப் பின்னால்தான் வைக்கப்பட்டது என்று கண்டுபிடித்தார். ட்ரையலுக்குப் போகிறவர்கள் எதற்காக ஆளுக்கு இரண்டு ஜாக்கி கேட்கிறார்கள் என்று பாய் யோசித்தார்தான். பணக்காரர்களுக்குப் பஞ்சர் பயம் அதிகம் என்று விட்டுவிட்டார். யாருமே கடைசியில் வண்டியை வாங்காததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

1993 தையில் மூவாயிரம் கிலோமீட்டர் முடிந்தது. பாய் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வழக்கப்படி முதலில் பழைய ஆயிலை இறக்கினார். கொஞ்சம் பித்தளைப் பொடி வரும், வர வேண்டும். வந்தது கறுப்பாக இரும்புத் தூள். காந்தத்தை வைத்தால் தாடி மாதிரி ஒட்டியது. மூடியைக் கழற்றினார். ரிவர்ஸ் பினியனின் பற்கள் வெற்றிலை இடித்துத் தின்கிற வாய் மாதிரி இருந்தன. அந்தக் கார் ட்ரையல் முழுக்கப் பின்னால்தான் போயிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு பீடி பிடிக்கும் நேரம் ஆயிற்று.

பொங்கியண்ணன் வந்தபோது பினியனை அவர் துண்டின்மேல் வைத்தார்.

“என்னுங்ணா இது?”

“கோவிச்சுக்காதீங் பாய். போன நாளு சும்மாத்தானுங்களே கெடக்குது. நெல்லா, பருப்பா, எடுத்தாக் கொறையறதுக்கு?”

“பல்லு கொறைஞ்சிருக்குதே.”

“நாம் மறைச்சு ஒண்ணும் பண்ணலீங். அத்தனையும் உங்க முன்னால வெச்சுத்தான் பேசுனேன்.”

“துண்டுக்குள்ள பேசிப்போட்டு மறைக்கலைங்கறீங்களா?”

“உள்ள என்னன்னு நீங்க ஒரு தடவ கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன் பாய். கேட்டீங்களா?”

பாய் கேட்கவில்லை என்பது உண்மைதான். பொங்கியண்ணன் பாதிப் பங்கை எண்ணிப் பெஞ்சில் வைத்தார். அதில் ஒரு ரூபாய்கூடக் குறைவில்லை என்பதுதான் பாய்க்குப் பொறுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், போனார், அப்புறம் வரவில்லை.

வேறு பினியன் வெட்டிப் பார்த்தாயிற்று. அதே தறியின் மிச்சத் தண்டில் ஜெரோம் இரண்டு வெட்டினார். இரண்டும் சாதாரணமாகப் பின்னால் போயின. ஆகவே பாய் தேய்ந்ததையே மாட்டி, காரை ஜன்னலுக்கு நேராக நிறுத்தி, சக்கரங்களைத் தூக்கி, ரிவர்ஸ் போட்டார். வருடம் இரண்டு போயிற்று. வண்டி அலறியது. இன்னும் அரை வருடம். பற்கள் ஒவ்வொன்றாக உதிர்வது காலடியில் கேட்டது. ஆடி வந்தது. மையத்தைச் சுமந்த சந்தூக்கு வீட்டுக்குள் திரும்பியது, அழுதவர்கள் பின்வாங்கினார்கள், சாயங்காலம் மதியமாயிற்று, மதியம் காலையாயிற்று. கடைசிப் பல் தெறித்தது. நாள் அந்த இடத்தில் நின்று, முன்னால் நடக்க ஆரம்பித்தது. கிரைண்டர் சத்தத்தின் நடுவே அன்றைய பாயின் குரல் தெளிவாகக் கேட்டது: ‘சரி, சரி.’

ரிஃபத்தின் வாய் அப்போதுதான் மூடியிருந்தது. கேட்டது கிடைத்த முகத்தோடு ஒரு சிரிப்புச் சிரித்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அதோடு கியர்பாக்ஸ் புகைந்து, ஜன்னல் காலியாயிற்று.

ரிவர்ஸ் இல்லாத மோரிஸை ஒரு பெங்களூர்க்காரர் வாங்கிக்கொண்டு போனார். பஷீர் பாய் அதற்குப் பின் ரிஃபத் கேட்டிருக்கக்கூடியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார். ரிஃபத்தின் தங்கை மெஹராஜிடம் கேட்டபோது மெஹராஜ் யோசிக்கவே இல்லை. “அந்த மாட்டுத் தரகரோட கூட்டு வேண்டாம்னு சொல்லியிருப்பா மச்சான். எங்கிட்ட அதத்தான் எப்பவும் சொல்லிட்டிருந்தா.” பாய் அதையும் சேர்த்துக்கொண்டார்.

1999 வரை ஆன கணக்கு இது: மாவாட்ட கிரைண்டர் வாங்கியது, சமையலறைக்குப் பச்சைச் சாயம் அடித்தது, நாகூர் போய் வந்தது, மெஹராஜ் மகளுக்கு நகை போட்டது, பீடியை விட்டது, கூட்டு முறிந்தது. இவற்றில் ஒன்று சரியாக இருக்கலாம், ஒன்றும் சரியில்லாமலும் இருக்கலாம். ஒரு ‘சரி’ பாக்கி.