மஞ்சள் குளிசை

நல்ல டொக்டர் யாரென்று கண்டுபிடிக்கக் கொக்குவில் சனத்திடம் ஒரு அளவுகோல் இருந்தது. தடிமன், தும்மலென்று போனாலும் நாலு நிறத்தில் குளிசை தரவேண்டும். சிவசுப்பிரமணியம் டொக்டர் முப்பது வருசம் அப்படித்தான் கொடுத்தார். அதில் ஒன்று கட்டாயம் அன்ரிபயோட்டிக். அவர் மகனோடு கனடாவுக்குப் போய்விட, டிஸ்பென்சரியில் அவருடைய கதிரையில் வந்து இருந்தவர் ஜெயனி டொக்டர். அவர் தடிமனுக்குப் பனடோல் என்ற வெள்ளைக் குளிசை மட்டும்தான் எழுதினார். மிச்சத்துக்குக் கதை. இருமல் எத்தனை நாளில் நிற்கும், அன்ரிபயோட்டிக் ஏன் தேவையில்லை என்று ஆளுக்குப் பத்து நிமிடம்.

யன்னலடியில் இருபத்திரண்டு வருசமாக மருந்து எண்ணிக் கொடுக்கும் அற்புதராணிக்கு அந்தக் கதையில் துளியும் நம்பிக்கை இல்லை. ஒற்றை உறையை வாங்கியவர்கள் "இவ்வளவுதானோ?" என்று முகத்தைச் சுளித்தார்கள். வருத்தக்காரர் காத்திருக்கும் வாங்குகள் காலியாகத் தொடங்கின. இடத்தை மூடிவிட்டால் இந்த ஐம்பத்தாறு வயதில் தனக்கு யார் வேலை தருவார்களென்று ராணி யோசித்தாள்.

ஆகவே ஒரு வேலை பார்த்தாள். டொக்டருக்குத் தெரியாமல் எல்லோருக்கும் இரண்டாவது உறை ஒன்று. உள்ளே ஐந்து மஞ்சள் விற்றமின் குளிசை. மருந்துக்கு ஓடர் போடுவதும் அவள்தானே, யார் கேட்கப் போகிறார்கள்? நஞ்சா கொடுத்தாள்?

இரண்டு மாதத்தில் வாங்குகள் நிரம்பிவிட்டன.

"ராணி அக்கா, சனம் விளங்கிக்கொண்டிட்டுது" என்றார் ஜெயனி, முகமெல்லாம் சிரிப்பாக.

"ஓம் டொக்டர்" என்றாள் ராணி. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மஞ்சள் போத்தலைத் திறந்தாள்.

அடுத்த கிழமை ஜெயனி வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினார். சனிக்கிழமை வருகிறவர்கள் வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் கொண்டுவர வேண்டும். மஞ்சள் குளிசை உறைகளில் இருப்பது ராணியின் கையெழுத்தல்லவா.

சனிக்கிழமை முதல் ஆளாக, பழைய டொக்டர் காலத்திலிருந்தே வரும் நாகேஸ்வரி ஒரு பிஸ்கட் ரின்னோடு வந்து, அதை மேசையில் கவிழ்த்தார். பழைய டொக்டரின் அரைகுறை அன்ரிபயோட்டிக் எல்லாம் கொட்டின. கூடவே மஞ்சள் குளிசை உறை எட்டு, எதிலும் ஒரு குளிசைகூடக் குறையாமல்.

ஜெயனி ஓர் உறையை எடுத்துப் பார்த்தார். "இதை நான் எழுதேல்லையே. ராணி அக்கா, இது உங்கடை எழுத்தெல்லோ?"

"ஓம் டொக்டர். நான்தான் போட்டனான். சனம் விட்டிட்டுப் போயிடும் எண்டு பயந்திட்டன்."

ஜெயனியின் சிரிப்பு போய்விட்டது. "அப்ப எல்லாரும் இந்தக் குளிசைக்குத்தான் வந்தவையோ?"

"ஆர் பிள்ளை சொன்னது?" என்றார் நாகேஸ்வரி. "வெள்ளைக் குளிசை ஏன், எத்தினை நாளைக்கு எண்டு நீங்கள் சொன்னனீங்கள். போட்டன், சுகம் வந்தது, திரும்பி வாறன். மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லேல்லை. சொல்லாத மருந்தை நான் ஏன் விழுங்கவேணும்?"

ஜெயனி அந்த எட்டு உறைகளையும் ராணியின் பக்கம் தள்ளினார். "நான் எழுதாததை இனி ஒருக்காலும் குடுக்கக்கூடாது, அக்கா."

"மாட்டன் டொக்டர்" என்றாள் ராணி. வேலை தப்பியதைவிட அந்த "அக்கா" தப்பியதுதான் அவளுக்குப் பெரிய ஆறுதல்.

யன்னலடியில் அடுத்தவர் ஒற்றை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்" என்றாள் ராணி. பிறகு, இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாக, "இருங்கோ, ஏனெண்டு சொல்லுறன்" என்றாள்.