வெறும் வயிறு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது நான் யோசித்த கதை இல்லை. புற்றுநோய் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் இயற்பியலாளராக இருக்கும் என் தங்கை வாய்தவறிச் சொன்னதைச் சுட்டுவிட்டேன். ஆட்களை மாற்றியாயிற்று. கணையத்தில் மட்டும் கைவைக்கவில்லை.

2

இருளைக் கிழித்துக்கொண்டு பாய்ந்த அந்தக் கதிர்

(இந்த வரியை அடித்துவிட்டேன். கதிர் கண்ணுக்கே தெரியாதாம். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.)

3

கணையத்தில் கட்டியோடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருக்கிறார். ஐந்து தவணையில் இன்று மூன்றாவது. இந்த இயந்திரமே படம் எடுக்கும், இதுவே கதிரும் பாய்ச்சும். அன்றன்றைய படத்தைப் பார்த்துக் கட்டியைச் சுற்றிப் புதிதாகக் கோடு போட்ட பிறகுதான் சிகிச்சை. வெறும் வயிறுதானே என்று கேட்டதற்கு, முப்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவர் கம்பீரமாகத் தலையாட்டியிருந்தார்.

படத்தில் இரைப்பை முட்ட முட்ட நிறைந்து கட்டியின்மேல் சாய்ந்திருந்தது. அறிவியலின் மகத்தான கண்டுபிடிப்பு: சார் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இயற்பியலாளர் மைக்கில் கேட்டாள். (கதைக்குள் உறவு கொண்டாடக்கூடாது.)

"சார், என்ன சாப்டீங்க?"

"தண்ணி மட்டும்தாம்மா."

"படத்துல தெரியுது சார்."

"ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை. மூணு மாசமா தட்டைத் தள்ளிவிட்டுட்டே இருக்கேன். போன ரெண்டு தடவையும் பசியே இல்ல, அதனால சாப்பிடக்கூடாதுன்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லவே இல்ல. இன்னிக்கு எதிர்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தாம்மா."

அதற்குமேல் அவளால் கண்டிக்க முடியவில்லை. எனக்கும் கிண்டல் வரவில்லை.

4

முடிவு அ: கோட்டை மாற்றாமல் கதிர் பாய்ச்சுகிறார்கள். இரைப்பை புண்ணாகிறது.

முடிவு ஆ: கோட்டை உள்ளே தள்ளிப் போடுகிறார்கள். கட்டியின் ஓரம் தப்பிக்கிறது. ஆறு மாதம் கழித்து அந்த ஓரத்திலிருந்து

(பயமாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

முடிவு இ: டாக்டர் இன்றைய சிகிச்சையை ரத்து செய்கிறார். அடுத்த வாரம்தான் இடம் காலி. அதுவரை கட்டி சும்மா இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

5

நடந்தது இ. அதோடு முடித்திருக்கலாம். ஆனால் வெளியே தலைமையாசிரியரின் மனைவி உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு வீட்டுக்காரர் தட்டைக் காலி செய்துவிட்டார் என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

சிகிச்சை ஏன் நடக்கவில்லை என்று அந்த அம்மாவிடம் யாராவது சொல்ல வேண்டும். டாக்டர் இயற்பியலாளரைப் பார்க்கிறார். அவள் என்னைப் பார்க்கிறாள். எனக்கு எழுத்து வேலை தலைக்குமேல் கிடக்கிறது.

இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து படித்தவர் நீங்கள் ஒருவர்தான். போய்ச் சொல்லுங்கள்.