விக்கல் வண்டி

"கிளட்சை மிதிங்கக்கா. ம்... ரெண்டாவது கியர். இப்ப காலை எடுங்க. மெதுவா, மெதுவா..."

வண்டி ஒரு வெட்டு வெட்டி முன்னால் பாய்ந்தது. ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தவளின் தலை முன்னும் பின்னும் ஆடியது.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். இந்தக் காலு சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது."

"பரவாயில்ல. இன்னொரு தடவை பாப்போம்."

டீச்சர் என்று கூப்பிட்டாலும் அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருபவள். காலையில் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அதே சீட்டுதான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அந்த வண்டிக்கு விக்கல் வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். "தண்ணி குடுங்க டீச்சர், நின்னுடும்" என்று கிண்டல் செய்வார்கள். முதலாளியிடம் சொன்னால், "கத்துக்குட்டிங்க கையில வண்டி குதிக்காம தாலாட்டா பாடும்?" என்பார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அக்கா அவளைவிட நாலைந்து வயது மூத்தவள். ஒரு பெரிய லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். ஆவி பட்டுப் பட்டு முன்கை இரண்டும் நிறம் மாறிக் கிடந்தன. லாண்டரி வேனை ஓட்டிய பெரியவர் ஓய்வு பெறப்போகிறார், லைசென்ஸோடு வந்தால் வேன் உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அனலுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் நிற்க வேண்டாம், உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்காகத்தான் ஷிப்டுக்கு முன்னால் அரக்கப் பரக்க ஓடிவந்து கற்றுக்கொண்டாள். ஆனால் இரண்டு முறை டெஸ்டுக்குப் போய் இரண்டு முறையும் தோற்றாள். மேட்டில் கியர் மாற்றும்போது வண்டி வெட்டும். பதறிப்போய் காலை எடுப்பாள். எஞ்சின் நின்றுவிடும்.

"வீட்டுல பாத்திரம் கழுவுறப்பகூட இடது காலைத் தரையில அழுத்தி அழுத்திப் பழகுறேன் டீச்சர். மருமக பாத்துட்டுச் சிரிக்கிறா."

அன்று அக்காவை லாண்டரி வாசலில் இறக்கிவிட்டபின், அங்கே வந்து ஏறவேண்டிய அடுத்தவர் வரவில்லை. பெட்ரோல் போட்டு வரலாம் என்று டீச்சர் தானே ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். அந்த வண்டியை அவள் கையால் ஓட்டிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. தெருமுனையில் இரண்டாவது கியருக்கு மாற்றினாள். வண்டி வெட்டியது. யாரோ பிடரியில் தட்டியது போல இருந்தது. அடுத்த தெருவில் காலை இன்னும் இதமாக எடுத்துப் பார்த்தாள். அப்போதும் வெட்டியது. பெட்ரோல் பங்கைத் தாண்டி நேரே பட்டறைக்கு விட்டாள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கியர் ஆயிலைப் பார்த்தார். கொஞ்சம் குறைந்திருந்ததை ஊற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டினார். வெட்டு குறையவில்லை. கிளட்ச் பெடலை மிதித்து மிதித்துப் பார்த்தார். அதில் குறை இல்லை. பிறகு பானெட்டைத் திறந்தார்.

"முதல் கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்துக்க தங்கச்சி. கிளட்சை லேசா விடு. போதும், போதும்."

எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, 'டக்' என்று உட்கார்ந்தது.

"கேட்டுச்சா? கியர்பாக்ஸைத் தாங்குற ரப்பர் கிழிஞ்சு போச்சு. பிடிமானம் இல்லாம மொத்தமும் ஆடுது. எப்பேர்ப்பட்ட கொம்பன் ஓட்டுனாலும் வெட்டத்தான் செய்யும்."

"எப்பண்ணே கிழிஞ்சிருக்கும்?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "போன சர்வீஸ்லயே உங்க முதலாளிகிட்ட சொன்னேனேம்மா. பழகுற வண்டிதானே, கிடக்கட்டும்னுட்டாரு. உன்கிட்ட சொல்லலியா?"

டீச்சர் பட்டறை வாசலுக்கு வந்து முதலாளிக்குப் போன் செய்தாள்.

"ரப்பரை மாத்தணும் சார். மாத்தாம இந்த வண்டியில நான் யாரையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"என்னம்மா, குரல் புதுசா இருக்கு? வேற எங்கயாச்சும் வேலை பாத்து வெச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"பின்ன?"

அவள் போனைக் காதோடு பிடித்தபடியே பட்டறைக்குள் நடந்தாள். முதலாளி, "சரி, மாத்தித் தொலை" என்று வைத்துவிட்டார்.

மெக்கானிக் கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டார். துரு ஏறிய போல்டுகள் முனகிக்கொண்டே கழன்றன. வெளியே வந்த ரப்பர் இரண்டாகப் பிளந்து, விளிம்பெல்லாம் பொடியாக உதிர்ந்தது. புதியதைப் பூட்டி முடித்ததும் அவளே ஓட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கியர் விழுந்ததே தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

அடுத்த டெஸ்டில் அக்கா மேட்டில் ஏறி, நின்று, மறுபடி கிளம்பி, அலுங்காமல் இறங்கினாள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஒரு டப்பா பிஸ்கட்டோடு ஸ்கூலுக்கு வந்தாள்.

"வேன் எப்பலேர்ந்துக்கா?" என்றாள் டீச்சர்.

"அது போயிடுச்சு டீச்சர். மேனேஜரோட மச்சான் மகன் ஓட்டுறான். ரெண்டு தடவை கோட்டை விட்டவங்களை நம்பி எப்படிக் கொடுக்குறதுன்னு கேட்டாங்க. அவங்க கேக்குறதும் நியாயம்தானே?"

"கோட்டை விட்டது நீங்க இல்லக்கா. வண்டியில ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு. நான் ஓட்டுனப்பவும் வெட்டுச்சு."

அக்கா சிரித்துவிட்டாள். "என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. என் காலைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

டப்பாவை முதலாளியின் மேஜைமேல் வைத்தாள். "என் மரமண்டையில ஏறுறதுக்கு இத்தனை நாளாச்சு சார். நீங்க பொறுத்துக்கிட்டீங்க."

"ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும்மா" என்று முதலாளி ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். டீச்சர் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரம், வேறொரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு டீச்சர் சிக்னலில் நின்றாள். பக்கத்தில் லாண்டரி வேன் வந்து நின்றது. ஓட்டுகிற சீட்டில் இருந்த பையன் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். பின்னால், திறந்து கிடந்த பக்கக் கதவுக்குள், கூரைவரை அடுக்கிய வெள்ளைப் படுக்கைவிரிப்புகளுக்கு நடுவில், துணி இறக்கும் துணையாளாக அக்கா நின்றிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கை அசைக்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் அடுக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. வேன் கிளம்பியபோது சரிந்துவந்த விரிப்புகளுக்குத் தோளால் முட்டுக்கொடுத்தாள்.